தொட்டியில் பழுப்பு வந்தால் பாட்டில் வாங்காதீர்கள்

கடல் மீன் தொட்டி வைத்த மூன்றாவது வாரம் எல்லா வீட்டிலும் ஒரே சீன்தான். வெள்ளை வெளேர் என்று கொட்டிய மணல் மேல் காபித்தூள் தூவின மாதிரி ஒரு பழுப்பு. கல் மேல் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைச் சுருள்கள். "காசைக் கொட்டி வீட்டுக்குள்ளயே சாக்கடை கட்டியிருக்கான்" என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். பையன் செல்லில் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான். கடைக்காரர் போட்டோவை இரண்டு விநாடி பார்ப்பார்.

"தம்பி, இது ஃபங்கஸ். தண்ணிய முழுசா மாத்திரு. கல்ல வெளிய எடுத்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவு. அப்புறம் இந்த மருந்து, பத்து சொட்டு. ரெண்டே நாள்ல கிளியர்."

இரண்டு நாளில் கிளியர் ஆகும், அது உண்மைதான். மூன்று வாரம் கழித்து அதே பழுப்பு, அதே பஞ்சு, அதே போட்டோ, வேறொரு பாட்டில். எந்தக் கடை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். கோட்டக்குப்பத்தில் தொட்டி வைத்தவனும் இதைக் கேட்டிருப்பான், கொளத்தூர் வரை போய் மீன் வாங்கினவனும் கேட்டிருப்பான். அந்த அறிவுரையில் ஒரு வரிகூட சரியில்லை. அது ஃபங்கஸும் இல்லை, நோயும் இல்லை. புதுத் தொட்டி உயிர் பிடிக்கும்போது வருகிற வழக்கமான வளர்ச்சி. அதை நோய் என்று சொல்லி மருந்து விற்பது வியாபாரம் என்றால், அதை நம்பி மூன்று தடவை மருந்து வாங்குவது அவசரம். இரண்டையும் திட்ட வேண்டியிருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம். தொட்டியை "சைக்கிள் பண்றது" என்றதும் ஹெர்குலிஸ் ஞாபகம் வருகிறவர்களுக்காக ஒரு பாரா.

மீனின் கழிவு, மிஞ்சின தீனி, கல்லில் ஒட்டிச் செத்த பூச்சி எல்லாம் அழுகி அம்மோனியா ஆகும். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு வரைக்கும் மீனைக் கொல்லாது. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890 வாக்கிலேயே இந்த வேலையைச் செய்கிற பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். பிரச்சினை, இந்த பாக்டீரியா ரொம்ப நிதானமான ஆசாமிகள். சாதாரண அழுகல் பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைத்தால் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும். இவர்களுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. யார் கத்தினாலும் அது குறையாது.

நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட உப்புத் தொட்டியில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், கடல் நீரின் பி.ஹெச். 8.2 பக்கம். பி.ஹெச். 7-ல் இருக்கும் நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு இங்கே பத்து மடங்குக்கு மேல். சூடு ஏற ஏற அது இன்னும் கூடும். நம்ம ஊர் மே மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

இப்போது அந்த போட்டோவுக்குத் திரும்புங்கள். முதலில் வருவது யார்? வேகமாகப் பெருகுகிறவர்கள். கல்லில் ஒட்டியிருந்த செத்த சமாச்சாரத்தைத் தின்ன வந்த அழுகல் பாக்டீரியாதான் அந்த வெள்ளைப் பஞ்சு. தண்ணீர் பால் மாதிரி கலங்குவதும் இவர்களால்தான். சாப்பாடு தீர்ந்தால் இவர்களும் போவார்கள். காற்றுக் குழாயை நன்றாக விட்டால் போதும்.

பழுப்புத் தூள்தான் டையாட்டம். இது மணல் மாதிரி சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசி. உலகத்தின் எல்லாக் கடலிலும் மீனுக்கெல்லாம் ஆதாரச் சாப்பாடு இதுதான். தொட்டிக்குள் இது வருவதற்குக் காரணம் சிலிக்கேட். சிலிக்கேட் வருவது பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. கோட்டக்குப்பம் மாதிரி கடலோர ஊரில் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே கதை தெரியும். அதிலேயே உப்பைக் கரைத்து தொட்டியை நிரப்பிவிட்டு "பழுப்பு ஏன் வருது" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் இந்தப் பழுப்பு குறைவாக வரும், சீக்கிரம் போகும். எந்தத் தண்ணீராக இருந்தாலும், இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று முடித்ததும் டையாட்டம் தானாகத் தேயும். ஆனால் ஒவ்வொரு தடவையும் போர் தண்ணீரால் முழுத் தொட்டியையும் மாற்றினால், புதுசாக ஒரு மூட்டை சிலிக்கேட்டை நாமே இறக்குகிறோம்.

இங்கேதான் அந்த "தண்ணிய முழுசா மாத்திரு" என்ற அறிவுரையின் அழகைப் பார்க்க வேண்டும். கடல் நீர் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ உப்புக் கலவை. முழுசாக மாற்றினால் இன்னொரு மூன்றரைக் கிலோ. அதை விற்பது யார்? அதே கடை. காமர்ஸ் மக்களுக்குப் பாடப் புத்தகத்தில் படித்த ரேசர் பிளேடு கதை ஞாபகம் வருகிறதா? ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது. அதிலாவது பிளேடு தாடியை எடுக்கிறது. இங்கே பிளேடே தாடியை வளர்க்கிறது :-)

கல்லைத் தேய்த்துக் கழுவுவது இதைவிட மோசம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் மேல் ஒட்டிக்கொண்டுதான் வாழும். கல்லை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தவன் மூன்று வாரக் காத்திருப்பை அரை மணி நேரத்தில் கொன்றுவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறான். அப்புறம் பஞ்சு வரத்தான் செய்யும்.

அடுத்து வருவது சிவப்பு, கருஞ்சிவப்பு, சில சமயம் கரும்பச்சையில் வழவழவென்று ஒரு போர்வை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும். இது சயனோபாக்டீரியா. ஏறக்குறைய 240 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததே இவர்கள் புண்ணியத்தில்தான், அதனால் கொஞ்சம் மரியாதையோடு திட்டலாம். தீனி அதிகம், தண்ணீர் ஓட்டம் குறைவு, இரண்டும் சேர்ந்த மூலையில் இது உட்காரும். குழாயால் உறிஞ்சி எடுத்து, மோட்டாரின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்பி, தீனியைக் குறைத்தால் மெல்ல மெல்லப் போகும்.

ஆனால் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில் எரித்ரோமைசின் மாத்திரை வாங்கிப் பொடி பண்ணிப் போடுகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. வேலை செய்யுமா என்றால், செய்யும்! சயனோ ஒரே நாளில் வெளுக்கும். அப்புறம் அந்தப் பிணமெல்லாம் தொட்டிக்குள்ளேயே அழுகும். ஆக்சிஜன் இறங்கும், அம்மோனியா ஏறும், பாஸ்பேட் வெளியே வரும். அதைத் தின்ன பச்சை நூல் பாசி வரும். அதற்கு வேறு பாட்டில். இதற்கிடையில் அந்த ஆன்டிபயாடிக் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்? தெருச் சாக்கடையில். அது எங்கே போகிறது? கடலுக்கு. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. வீட்டில் குழந்தைக்கு அதே மருந்து எழுதித் தரும் நாள் வந்தால் தெரியும்.

உண்மையில் கொஞ்சம் பயப்பட வேண்டியது டைனோ. டைனோஃபிளாஜெல்லேட் என்று முழுப்பெயர். சளி மாதிரி பழுப்பு இழை, இழை நுனியில் காற்றுக் குமிழி. ராத்திரி விளக்கை அணைத்தால் மறையும், மறுநாள் மத்தியானம் மறுபடி தொங்கும். டையாட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்வதுதான் நிறைய தொட்டிகளின் சாவுக் காரணம். வீட்டிலேயே சோதிக்கலாம். கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகச் சேர்ந்தால் டைனோ என்று சந்தேகிக்கலாம். யாரிடமாவது மைக்ரோஸ்கோப் இருந்தால் இன்னும் உறுதி. இதில் காமெடி என்னவென்றால், டைனோ பெரும்பாலும் வருவது அழுக்குத் தொட்டியில் இல்லை, நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் துடைத்து எடுத்து சுத்தமோ சுத்தம் என்று வைத்திருக்கும் தொட்டியில். போட்டிக்கு வேறு யாரும் இல்லாத இடத்தில் ரவுடி ராஜ்ஜியம். ஆக, டையாட்டத்துக்கு பயந்து தினமும் தேய்த்து, மருந்து ஊற்றி, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தவன் கடைசியில் டைனோவுக்குப் பந்தி விரித்துக் கொடுக்கிறான்.

கண்ணாடியில் இருந்த வெள்ளைச் சுருள்? ஸ்பைரார்பிட் என்கிற குட்டிப் புழுவின் ஓடு. தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும், யாரையும் கடிக்காது. கண்ணாடியில் துள்ளும் வெள்ளைப் புள்ளி கோப்பிபாட், மீன் குஞ்சுக்கு அல்வா. இந்த இரண்டும் வந்தால் தொட்டி பிழைக்கிறது என்று அர்த்தம். இதற்கும் மருந்து வாங்கினவர்கள் உண்டு.

இனி இன்னொரு கோஷ்டி. "கடல் பக்கத்துலயே இருக்கு, ஓசித் தண்ணி, ஓசிக் கல்லு, கடைக்கு ஏன் போகணும்?" என்பவர்கள். கோட்டக்குப்பத்தில் இந்த வாதம் எடுபடும், ஏனென்றால் நடந்து போனால் கடல். ஆனால் எந்தக் கடல்? 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டிய பிறகு வடக்கே மணல் வருவது நின்றது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று நகர்ந்தது. இங்கேயும் கருங்கல். அந்தக் கல்லில் பச்சைப் பாசி, கொட்டலசு, மட்டி எல்லாம் அழகாக ஒட்டியிருக்கும். அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து தொட்டியில் போட்டால்? அலை அடிக்கும் இடத்தில் வாழ்ந்த கொட்டலசு கண்ணாடிப் பெட்டியில் சில நாளில் சாகும். ஓட்டுக்குள்ளேயே அழுகும். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் நிறம் போகும் உயரத்தைப் பார்த்து, மறுபடி அதே பையன் அதே கடைக்கு ஓடுவான். ஊருக்கு மிச்சம் இருக்கும் கரையைக் காக்கக் கொட்டின கல்லைப் பெயர்ப்பது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பது வேறு.

தண்ணீரும் அப்படித்தான். கடல் நீரே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் நீரில்தான் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் அவர்கள் வடிகட்டி, தெளியவைத்து, சோதித்து எடுக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாய்க்கால் வெள்ளமும் சாக்கடையும் கலந்து நம்ம கரையில் நிற்பது கடல் நீரா, கரைசலா? 2023 அக்டோபரில் புதுச்சேரி வைத்திக்குப்பம் பக்கம் கடல் சிவந்து நின்றது செய்தியானது. அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றிவிட்டு "தொட்டியில் சிவப்பா ஏதோ வருது" என்றால் சிரிப்பதா அழுவதா?

"மரக்காணம் உப்பு பத்து கிலோ வாங்கிக் கரைச்சா?" இதையும் கேட்கிறார்கள். மரக்காணத்து உப்பளத்தில் உப்பு எடுக்கிறவருக்குத் தெரியும், உப்பு படிந்ததும் மிச்சம் இருக்கும் கசப்பு நீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள் என்பது. கடலின் மக்னீசியம் பெரும்பாலும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடும். சுண்ணாம்புச் சத்து அதற்கு முன்பே வேறு பாத்தியில் படிந்துவிடும். கைக்கு வருவது ரசத்துக்கு நல்ல உப்பு. மீனுக்குக் கடல் இல்லை.

லைவ் ராக் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1961-ல் ஜகார்த்தாக்காரர் லீ சின் எங் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார்: கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, காற்றுக் குமிழி, வெளிச்சம், இவ்வளவு போதும், கடல் மீன் வாழும் என்று. அது வேலை செய்ததற்குக் காரணம், பாக்டீரியா முதல் புழு வரை ஒரு முழு ஊரே அந்தப் பாறையில் குடியிருந்தது. அந்த மாதிரி தொட்டியில் அசிங்கமான கட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் நம்ம நாட்டில் 2001-லிருந்து பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும் கூட. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அதே நிலைதான், தண்டனை 3 முதல் 7 வருஷம் வரை சிறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பவளத்தை உடைத்து ஒரு ஹாலில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. "டெட் கோரல்தான் சார், ஷோவுக்கு" என்று விற்பதும் அதே குற்றம்தான்.

அதனால் இங்கே நேர்மையாகத் தொட்டி வைக்கிறவனுக்குக் கிடைப்பது உயிரில்லாத சுண்ணாம்புக் கல்லோ, பீங்கானோ, சிமென்ட்டில் வார்த்த கல்லோதான். (சிமென்ட் கல்லை வாரக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றாவிட்டால் பி.ஹெச். எகிறும்.) வெறும் கல்லில் ஊர் உண்டாக நாள் பிடிக்கும். பழுப்பும் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்து, சில மாதம் கழித்துத்தான் ஊதாப் பொட்டுகள் தெரியும். வெளிநாட்டுக்காரன் தொட்டி ஆறு வாரத்தில் பளபளத்தால் நமக்கு ஆறு மாதம் ஆகலாம். இதைக் கடைக்காரர் விற்கும் அன்றே சொல்ல வேண்டும். சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்.

"அவரும் பிழைக்கணும்ல?" பிழைக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கலாம். எந்தக் கடையிலும் மாதக்கணக்கில் ஓடும் தொட்டி ஒன்றாவது இருக்கும். அதன் ஃபில்டரில் ஊறின ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, மீன் போடாத, நோய் இல்லாத தொட்டியிலிருந்து, புதுத் தொட்டிக்குப் போனால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். அதை இருநூறு ரூபாய்க்கு விற்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? உற்பத்திச் செலவு பூஜ்யம். அதை விட்டுவிட்டு, மே மாதம் லாரியில் வெந்து வந்த பாக்டீரியா பாட்டிலை விற்கிறார்கள். அந்த பாட்டிலில் சிலது நிஜமாகவே வேலை செய்யும், மறுக்க முடியாது. உயிரோடு வந்ததா என்பதை லேபிள் சொல்லாது, அம்மோனியா டெஸ்ட் கிட் சொல்லும்.

இன்னும் கொடுமை "ரெண்டு டாம்சல் போட்டு சைக்கிள் பண்ணு, அது சாகாது" என்பது. சாகாதாம்! செவுள் வெந்து இரண்டு வாரம் மூச்சுக்குத் திணறுவது கண்ணுக்குத் தெரியாததால் சாகவில்லை என்று கணக்கு. மீனே இல்லாமல், ஒரு இறால் துண்டையோ கொஞ்சம் தீனியையோ போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும் வரை பார்த்தால் அதே வேலை நடக்கும். ஓர் உயிரும் வதைபடாது.

பயப்பட வேண்டிய வளர்ச்சி ஒன்று உண்டு, அது தொட்டிக்குள் இருப்பது இல்லை, தொட்டியை விட்டு வெளியே போவது. 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவில் கௌலெர்ப்பா என்கிற தொட்டிப் பாசி கண்ணில் பட்டது. பின்னால் அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரைகள் வரை போனது. நம்ம பக்கம், 2000-களின் தொடக்கத்தில் மண்டபம் பகுதியில் வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ், 2008-ல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பதாக எழுதப்பட்டது. அது தொட்டியிலிருந்து வந்தது இல்லைதான், ஆனால் வெளியூர்ப் பாசி ஒன்று நம்ம கடலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி. கோட்டக்குப்பத்தில் வாசலில் ஊற்றும் வாளித் தண்ணீருக்குக் கடல் ரொம்ப தூரம் இல்லை.

எனவே தொட்டியிலிருந்து வழித்த பாசியை மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து குப்பையில் போடுங்கள். உறிஞ்சி எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டு டாய்லெட்டில் ஊற்றுங்கள். கடைக்காரர் சொன்ன பிளீச்சிங் பவுடருக்கு இந்த விஷயத்தில் இருக்கிற ஒரே வேலை அதுதான்.